ஈசிஜி நார்மல், நெஞ்சு படபட

ஈசிஜி எடுக்கிற வேலையில் ஒரு விசேஷம் உண்டு. உட்கார்ந்திருக்கும்போது மறைக்கிற விஷயத்தையெல்லாம் மனுஷன் படுத்தால் சொல்லிவிடுவான்.

நான் ஃப்ளோரா. ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் ஈசிஜி எடுக்கிறேன். முன்னால் வரவேற்பு மேஜையில் தேவி, உள்ளே எங்கள் டாக்டரம்மா, நடுவில் ஒரு பச்சைத் திரை, திரைக்குப் பின்னால் நானும் என் மெஷினும். கைகால்களில் கிளிப் மாட்டி, நெஞ்சில் ஜெல் தடவிக் குமிழ்களை ஒட்டி, "பேசாதீங்க, ஆடாதீங்க" என்று சொல்லி பட்டனை அமுக்கினால், கட்டம் போட்ட காகிதத்தில் கோடு ஓடி வரும். அசல் மாரடைப்பும் வரும். அப்போது டாக்டரம்மா ஓடி வருவார், ஆம்புலன்ஸ் வரும், அது வேறு கதை. அதனால் நெஞ்சு வலித்தால் யோசிக்காமல் வந்து படுத்துவிடுங்கள், தப்பே இல்லை. நான் சொல்ல வந்தது, கோடு ஒழுங்காக வந்த பிறகும் பயம் போகாதவர்களைப் பற்றி. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அந்தக் கட்சி என்று எனக்குத் தெரியும். கூச்சப்படாதீர்கள். நானும் அந்தக் கட்சிதான்.

நார்மல் என்றால் கோபம்

ஏழுமலைக்கு காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிற வேலை. அவர் வந்து படுத்தால் என் கட்டில் முனகும். அப்படிப்பட்ட உடம்பு. ஆனால் வரும்போதெல்லாம் முகத்தில் வேர்வை முத்து முத்தாக நிற்கும். "மேடம், நெஞ்ச அடைக்குது. கையெல்லாம் மரமரங்குது. உசுரு பூடும் போலகீது" என்பார். நான் எடுப்பேன். நார்மல். டாக்டரம்மா ரத்தம் பார்க்கச் சொன்னார், தைராய்டு பார்க்கச் சொன்னார், எக்கோவும் எடுக்கச் சொன்னார். எல்லாம் நார்மல். சந்தோஷமாகப் போவார். கொஞ்ச நாளில் திரும்ப வந்து அதே கட்டிலில் அதே வேர்வையோடு படுப்பார்.

ஒரு நாள் டாக்டரம்மா அவரை உட்கார வைத்து, "ஏழுமலை, உங்க இதயத்துல கோளாறு இல்ல. இது பதற்ற நோய். இதுக்கும் மருந்து இருக்கு. பெரியாஸ்பத்திரியில மனநல டாக்டரைப் பாருங்க" என்றார். அவ்வளவுதான், மனுஷன் எழுந்துவிட்டார். வெளியே வந்து, காத்திருந்த அத்தனை பேருக்கும் தெரிகிற மாதிரி ஈசிஜி காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார். என்னைப் பார்த்துக் கத்தினார்: "வலிக்கறது எனுக்கு, நார்மல்ங்கறது நீங்களா? இப்டி நார்மல் நார்மல்னு சொல்லிகினே ஒரு நாள் என்னை சாவடிச்சுருவீங்கோ!"

எல்லாம் கேஸ்தான்

எங்கள் பக்கம் நெஞ்சில் எது வந்தாலும் அதற்கு ஒரே பேர்தான், கேஸ். பயம் வந்தால் கேஸ், தூக்கம் வராவிட்டால் கேஸ், யாரோடும் பேசப் பிடிக்காவிட்டால் அதுவும் கேஸ். சோடா குடித்து, ஓமத்தண்ணி குடித்து, பூண்டு தின்று, ஒன்றும் ஆகாமல் கடைசியில்தான் எங்களிடம் வருவார்கள்.

மைக்கேல் அங்கிளை அவர் மனைவி கூட்டி வந்தார். அங்கிள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். "எங்க வலிக்குது?" என்று நான் கேட்டால் மனைவி பதில் சொன்னார். "எப்பல இருந்து?" அதற்கும் மனைவிதான். "இவருக்கு ஒண்ணும் இல்லம்மா, கேஸு. சாப்பாடு எறங்க மாட்டேங்குது. சர்ச்சுக்குக் கூப்ட்டா வர மாட்டேங்கறாரு. நாள் பூரா செவுத்தப் பாத்துகினு ஒக்காந்துகினு கீறாரு. கேஸு தலைக்கு ஏறிச்சின்னா அப்டித்தான் ஆவும்." அங்கிள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கையில் கிளிப் மாட்டும்போது அந்தக் கை சில்லென்று இருந்தது.

தேவி கூப்பிட்டதால் மனைவி வெளியே போனார். திரை ஆடி நிற்கிற வரைக்கும் அங்கிள் காத்திருந்தார். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "காலையில கண்ண முயிச்சாலே அயுகையா வருதும்மா. என்னாத்துக்குன்னே தெர்ல. அவ பாத்துரக் கூடாதுன்னு பாத்ரூம் கொயாவத் தெறந்து உட்டுகினு அயுவறேன்" என்றார். டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லலாமா என்று கேட்டேன். தலையாட்டினார். மெஷின் ஓடி முடிந்து கோடு வந்ததும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அயுவறதுக்கு எங்கம்மா ஒயர் மாட்டுவ?"

தலைகீழ் இதயம்

இப்படி ஊரார் நெஞ்சையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது வந்தது ஒரு காலை நேரத்தில், ஷேர் ஆட்டோவில். என் வீடு திருவொற்றியூர். அன்றைக்கும் வழக்கம்போல ஹார்பருக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. இரண்டு லாரிகளுக்கு நடுவில் எங்கள் ஆட்டோ மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. எத்தனையோ வருஷமாக அப்படி மாட்டிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் திடீரென்று மூச்சு பாதியில் நின்றது. நெஞ்சு அடிக்கிற சத்தம் காதில் கேட்டது. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திற்று. இதோ போகப்போகிறேன், இந்த லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே போகப்போகிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. என் பெண்ணின் காலேஜ் பேக்கில் டிபன் டப்பா வைத்தேனா இல்லையா என்று ஒரு யோசனை வேறு. பக்கத்தில் இருந்தவர் முழங்காலைத் தாண்டிக் குதித்து இறங்கி, நடந்து, ஓடி கிளினிக்குக்கு வந்து சேர்ந்தேன்.

டாக்டரம்மா இன்னும் வரவில்லை. "தேவி, எனக்கு அட்டாக். ஒயரை மாட்டு" என்று கட்டிலில் விழுந்தேன். தேவி என்னைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள்தான். ஆனால் அன்றைக்கு அவளுக்கும் பதற்றம். எதையோ எங்கேயோ மாட்டி பட்டனை அமுக்கினாள். வெளியே வந்த கோட்டைப் பார்த்தேன். மேலே போக வேண்டியது கீழே போயிருந்தது. அவ்வளவுதான் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். மாதாவே, என் பெண்ணைப் பார்த்துக்கொள்.

நல்லவேளை, அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா வந்தார். காகிதத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், வலது கையில் இருந்த கிளிப்பைக் கழற்றி இடது கையிலும், இடது கையில் இருந்ததை வலது கையிலும் மாட்டி மறுபடி எடுத்தார். நார்மல். கொஞ்சம் வேகமாக அடிக்கிறது, அவ்வளவுதான். தேவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, ஒன் நெஞ்சு தலகீயா கீதுன்னு நெனச்சி என் நெஞ்சு நின்னே பூட்ச்சுக்கா!"

மத்தியானத்து ஈசிஜி

அதற்கப்புறம் எனக்கு வேலை இரண்டானது. ஒன்று ஊருக்கு ஈசிஜி எடுப்பது, இன்னொன்று எனக்கு. மத்தியானம் தேவி சாப்பிடப் போனதும் திரையை இழுத்துவிட்டு நானே மாட்டிக்கொள்வேன். நார்மல் என்று வந்ததும் உடம்பு லேசாகிவிடும். சாப்பிடுவேன். சாப்பிட்டு முடிப்பதற்குள், மெஷின் சரியாகத்தான் சொல்லிற்றா என்று ஒரு சந்தேகம் வரும். பட்டனை அமுக்குகிற நேரத்தில் ஒழுங்காக இருந்த நெஞ்சு, அப்புறம் கெட்டுப்போயிருந்தால்? அனுபவித்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். எவ்வளவு நல்ல ரிப்போர்ட்டாக இருந்தாலும் அது போன நிமிஷத்து ரிப்போர்ட். பயம் எப்போதுமே அடுத்த நிமிஷத்தைப் பற்றியது.

ஷேர் ஆட்டோவை விட்டேன். ரயிலில் ஏறினேன். ரயில் சிக்னலில் நின்றதும் அதையும் விட்டேன். கூட்டம் வருவதற்குள் பஸ் பிடிக்க விடியும்போதே கிளம்பினேன். சர்ச்சில் எப்போதும் முன் பெஞ்சில் உட்காருகிறவள், வாசலை ஒட்டிய பெஞ்சுக்கு மாறினேன். என் வீட்டுக்காரர் அந்தோணி, தண்டையார்பேட்டை கூட்ஸ் யார்டில் வேலை. "இன்னா ஃப்ளோரா, பூசைக்கு நடுவுல எங்க எய்ந்து ஓடப் போற?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிஜமாகவே ஓடுவதற்குத்தான் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மாதான் கண்டுபிடித்தார். ஈசிஜி காகிதம் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீருகிறது என்று கேட்டார். மறைக்க முடியவில்லை, அழுதுவிட்டேன். என்னுடைய கோடுகளையெல்லாம் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "ஏழுமலைக்கு நான் சொன்னப்போ நீங்களும் இங்கதானே நின்னீங்க, ஃப்ளோரா? அதையேதான் உங்களுக்கும் சொல்றேன்" என்றார்.

பெரியாஸ்பத்திரி பெஞ்சு

சொல்வது சுலபம். போவதுதான் பெரும்பாடு. மனநலப் பிரிவு எங்கே என்று வாசலில் கேட்கக்கூட வாய் வரவில்லை. கண் பிரிவு எங்கே என்று கேட்டேன். அவர்கள் கை காட்டிய பக்கம் நடந்துபோய், அங்கிருந்து போர்டு போர்டாகப் பார்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தேன். முகத்தில் மாஸ்க், தலையில் முக்காடு. ராயபுரத்தில் பாதிப் பேர் நெஞ்சை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒருத்தர் என்னை இங்கே பார்த்துவிட்டால்?

உள்ளே நான் பயந்தபடி யாரும் சங்கிலியில் இல்லை, யாரும் கத்தவும் இல்லை. யூனிஃபார்மில் ஒரு கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு காலேஜ் பையன். எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து என் செருப்பைப் பார்த்தேன். பெஞ்சு முனகியது. பக்கத்தில் யாரோ பெரிய ஆள் உட்கார்ந்திருக்கிறார். ஐஸும் மீனும் கலந்த வாசனை. நிமிர்ந்து பார்க்கவே தேவையில்லை, ஏழுமலை.

மாஸ்க்கை இன்னும் மேலே இழுத்தேன். அவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எனக்கு நெஞ்சு அடித்த அடியில், மெஷின் கையில் இருந்தால் காகிதம் கிழிந்திருக்கும். கடைசியில் அவர் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்: "இன்னா மேடம், நீயும் நார்மலா?"

மாத்திரையும் நாத்தனாரும்

மனநல டாக்டர் சின்ன வயசுக்காரர். நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். "நீங்க சொல்ற மாதிரியே இன்னிக்குக் காலையில இருந்து பலபேர் சொல்லிட்டாங்கம்மா. இதுக்குப் பேர் இருக்கு, வைத்தியமும் இருக்கு" என்றார். பேர் இருக்கிறது என்று கேட்டதே எனக்குப் பாதி தெம்பு. ஒரு மாத்திரை எழுதினார். வேலை செய்ய ஆரம்பிக்கச் சில வாரம் ஆகும், முதலில் வயிற்றைப் புரட்டலாம், படபடப்பு கொஞ்சம் கூடவும் கூடலாம், பயந்து நிறுத்தக் கூடாது, எப்போது நிறுத்துவது என்று தானே சொல்வதாகவும் சொன்னார்.

வீட்டில் அந்தோணி மாத்திரைப் பேரைப் போனில் போட்டுப் பார்த்து, அதனால் என்னென்ன வரலாம் என்று எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். ஏற்கெனவே பயப்படுகிறவளுக்கு இப்படியொரு உபகாரம் வேறு யாரும் செய்ய முடியாது. படித்ததெல்லாம் எனக்கு வரிசையாக வந்தது. வாய் உலர்ந்தது, தலை சுற்றியது, போனில் போடாததுகூட ஒன்றிரண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து என் நாத்தனார் ரோஸ்லின் வந்தார். சாமான் அலமாரியில் மாத்திரையைப் பார்த்துவிட்டார். "இன்னாடா அந்தோணி, பொண்டாட்டிய கீழ்ப்பாக்கம் மெண்டல் ஆஸ்பத்திரி கேஸாக்கிட்டியா? வயசுப் பொண்ணு கீது வூட்ல. நாளைக்கு சம்பந்தம் பேச வர்றவன் இன்னா கேப்பான்? ஜெபத்துக்கு இட்னு போ, எல்லாம் சரியாப் பூடும்" என்றார்.

அந்தோணி போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் பயந்தது அதற்குத்தான். மறுநாள் மாத்திரையைப் போடலாமா வேண்டாமா என்று கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தோணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "ஜெபத்துக்கும் போவலாம், மாத்திரயும் போடு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சண்டையா போட்டுக்கப் போவுது?" என்றார். கிளினிக்கில் தேவியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு அவள் சொன்னாள்: "ஒன் நாத்தனாருக்கு சுகர் மாத்திர நாம தானக்கா குடுக்கறோம்? அத்த உட்டுட்டு அந்தம்மாவ ஜெபம் மட்டும் பண்ணச் சொல்லேன், பாக்கலாம்!"

லாரிக்கு நடுவில்

மாத்திரையால் நெஞ்சு நிதானமானது. ஆனால் ஷேர் ஆட்டோ என்றால் கால் நகர மறுத்தது. ஆஸ்பத்திரியில் கவுன்சலிங் கொடுக்கிற பெண்ணிடம் இதைச் சொன்னேன். "பயம் வந்ததும் நீங்க இறங்கி ஓடிடறீங்க. அதனால ஓடினதாலதான் பிழைச்சோம்னு மனசு நம்பிடுது. ஒருதடவை ஓடாம உட்கார்ந்து பாருங்க. ஏறுற பயம் ஏறிக்கிட்டே இருக்காது, தானா இறங்கும்" என்றாள். முதலில் நிற்கிற ஆட்டோவில் சும்மா உட்காரச் சொன்னாள். அடுத்து பக்கத்து ஸ்டாப் வரைக்கும். அப்புறம்தான் முழுத் தூரமும்.

முழுத் தூரம் போன அன்று, ஹார்பர் ரோட்டில் லாரி வரிசை. எனக்காகவே ஏற்பாடு செய்தது மாதிரி எங்கள் ஆட்டோ இரண்டு கண்டெய்னருக்கு நடுவில் போய் நின்றது. வந்துவிட்டது. மூச்சு பாதியில் நின்றது, காதில் நெஞ்சு அடித்தது, ஊசி குத்திற்று. இறங்கு இறங்கு என்று உடம்பு முழுக்கக் கூச்சல். கவுன்சலிங்காவது மண்ணாவது, இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், அவள் என்ன இந்த ஆட்டோவிலா இருக்கிறாள்? பக்கத்தில் இருந்த அம்மா யாரென்று தெரியாது. காலடியில் மீன் கூடை வைத்திருந்தார். அவர் கையைப் பிடித்தேன். பிடித்தேன் என்றால் சாதாரணப் பிடி இல்லை. மூச்சை மெதுவாக விட்டேன். இழுத்தேன். விட்டேன். கண்ணில் நீர் வழிந்தது. இன்னும் ஏறியது. இதற்கு மேல் முடியாது என்கிற இடத்துக்குப் போய் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அப்புறம், நான் ஒன்றுமே செய்யாமல், இறங்க ஆரம்பித்தது.

லாரி இன்னும் நகரவில்லை. நான் இறங்கி ஓடவும் இல்லை, சாகவும் இல்லை. அப்போதுதான் அந்த அம்மாவின் கையைப் பார்த்தேன், என் விரல் பதிந்து சிவந்திருந்தது. மன்னிச்சுக்கோங்கம்மா என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கைய எத்தினி நேரம் வோணா புட்ச்சிக்க கண்ணு. மீன் கூடைய மட்டும் ஒதைக்காத."

நெட்டுக்குப்பத்துப் பெண்

எண்ணூர் கழிமுகத்துப் பக்கம் நெட்டுக்குப்பத்திலிருந்து கௌசல்யா என்று ஒரு பெண்ணை அவள் மாமியார் கூட்டி வந்தார். பச்சைக் குழந்தைக்காரி. குழந்தை மாமியார் தோளில் இருந்தது. மார் கனக்கிறது என்கிறாள், மூச்சு விட முடியவில்லை என்கிறாள் என்று மாமியார் சொன்னார். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. படு என்றேன், படுத்தாள். எடுத்து முடித்தேன், நார்மல். கிளிப்பையெல்லாம் கழற்றிவிட்டு எழுந்திரும்மா என்றேன். எழுந்திருக்கவில்லை. "இங்கியே கொஞ்ச நேரம் படுத்துக்கட்டாக்கா?" என்றாள். படுத்துக்கோ என்றேன். கூரையைப் பார்த்தபடியே, ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள்: "நான் இல்லன்னா கொயந்த நல்லா இருக்கும்னு தோணுதுக்கா. தெனிக்கும் தோணுது."

நான் தப்பாக ஏதாவது சொல்லித் தொலைத்துவிட்டால்? அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இருந்த இடத்திலிருந்தே "தேவி, டாக்டரம்மாவ வரச் சொல்லு" என்று கூப்பிட்டேன். விட்டுவிட்டுப் போக பயம். டாக்டரம்மா வந்து அவளோடு ரொம்ப நேரம் தனியாகப் பேசினார். அப்புறம் மாமியாரிடம் சொன்னார். பிரசவத்துக்கு அப்புறம் சிலருக்கு இப்படி ஆகும், இது அவள் குற்றமில்லை, நோய், இன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக் கூடாது.

மாமியார் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "மெண்டல் டாக்டரா? அதெல்லாம் வோணாம்மா. என் மவன் கடலுக்குப் பூட்டு வந்தான்னா நான் இன்னா பதில் சொல்றது? காத்து பட்ருக்கு, அம்மன் கோயில்ல மந்திரிச்சா சரியாப் பூடும்" என்று கௌசல்யாவின் கையைப் பிடித்து இழுத்தார். டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அவர் காதில் ஏறவில்லை. இருவரும் வாசலுக்குப் போய்விட்டார்கள். கௌசல்யா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போகச் சொன்னால் போகிறாள், நிற்கச் சொன்னால் நிற்கிறாள். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

வரவேற்பில் கூட்டம். எல்லாம் எனக்குத் தெரிந்த முகம், என் சர்ச் ஆட்கள் வேறு. நான் வாசலில் போய் நின்றுகொண்டேன். "அம்மா, நானும் அந்த டாக்டர்கிட்டதான் போறேன்" என்றேன். மாமியார் நின்றார். அங்கே பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "தெனமும் மாத்திரை போடறேன். நெஞ்சு அடைச்சு செத்துடுவேன்னு பயந்து ரோட்டுல ஓடினவ நான். இப்ப வேலைக்கு வரேன், சமைக்கிறேன், உங்க மருமகளுக்கு ஈசிஜி எடுத்தேன். என்னைப் பாத்தா உங்களுக்கு எப்படித் தெரியுது?" அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "நல்லாத்தான கீற?" என்றார். "மாத்திரை போட்டதாலதாம்மா. வாங்க, நானும் கூட வரேன், எந்தப் பெஞ்சுல உக்காரணும்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

டாக்டரம்மா என்னைப் போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். ஆட்டோவில் கௌசல்யா நடுவில், நானும் மாமியாரும் இரண்டு பக்கம். போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு, இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் எப்படித் தாங்குவேன்? அவளைச் சில நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அவள் புருஷன் கடலிலிருந்து வந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போனானாம். அப்புறம் மாசக்கணக்கில் எந்தத் தகவலும் இல்லை. நெட்டுக்குப்பம் என்று யாராவது சொன்னாலே நான் பேச்சை மாற்றிவிடுவேன். கேட்கவும் பயம்.

ஒரு நாள் அந்த மாமியாரே வந்தார், தனக்கு ஈசிஜி எடுக்க. கிளிப் மாட்டும்போது, கேட்கலாமா வேண்டாமா என்று தவித்து, ஒருவழியாகக் கேட்டேன். "பேசாதீங்க" என்று நான் எல்லாரிடமும் சொல்வதை அன்றைக்குச் சொல்லவில்லை. அவர் பெருமூச்சு விட்டார். எனக்கு உயிரே போயிற்று. "அத்த ஏன் கேக்கற, இப்ப எங்கிட்டயே சண்டைக்கு வர்றா. 'பிரசருக்கு மாத்திர போட்டியா, ஈசிஜி எடுத்தியா'ன்னு என்னை அதட்டி அனுப்ச்சதே அவதாம்மா!"

சொந்தக்காரருக்காக

அன்றைக்கு நான் வாசலில் நின்று சொன்னது ராயபுரம் முழுக்கப் பரவிவிட்டது. அந்த மேடம் கை என் மேல் பட வேண்டாம், வேறு ஆள் எடுக்கட்டும் என்று தேவியிடம் சொன்னவர்கள் உண்டு. வேறு ஆள் இல்லை என்று தேவி சொன்னதும் வந்து படுத்து, நான் எப்போது கடித்துவிடுவேனோ என்று பார்த்துக்கொண்டே இருந்தவர்களும் உண்டு. ரோஸ்லின் கொஞ்ச காலம் வீட்டுப் பக்கம் வரவில்லை. சர்ச்சில் சிலர் என்னிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள், எனக்குக் காதும் போய்விட்டது மாதிரி. இதற்கெல்லாம் கவலைப்படவில்லை என்று சொன்னால் பொய். ஒவ்வொன்றுக்கும் கவலைப்பட்டேன். மாத்திரை பயத்தைத்தான் குறைக்கும், ரோஷத்தைக் குறைக்காது.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. திரைக்குப் பின்னால் படுக்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்க ஆரம்பித்தார்கள். அந்த டாக்டர் எப்படி, மாத்திரை சாப்பிட்டால் தூக்கமாக வருமா, வாழ்நாள் பூராவும் சாப்பிட வேண்டுமா? எல்லாருமே, "எனக்கில்ல, எங்க சொந்தக்காரர் ஒருத்தருக்கு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தச் சொந்தக்காரருடைய கை என் கிளிப்புக்குள் நடுங்கும். நானும் சொந்தக்காரருக்கே சொல்வதுபோலப் பதில் சொல்லி அனுப்புவேன்.

போன வாரம் கூட்டமெல்லாம் போன பிறகு தேவி திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். கட்டிலைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். நாங்கள் இருவரும் இத்தனை வருஷமாக ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். என்னை அவள் கேலி செய்யாத நாள் கிடையாது. அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "ஃப்ளோராக்கா, அந்த ஆஸ்பத்திரிக்கு எப்பப் போனா கூட்டம் கம்மியா இருக்கும்? எனுக்கில்லக்கா... எங்க சித்திக்கு."

இத்தனை வருஷ வேலையில் நான் தெரிந்துகொண்டது, எங்கள் வடசென்னையில் மனசுக்கு வைத்தியம் தேவைப்படுகிற ஆள் ஒருத்தர்கூட இல்லை, அப்படிப்பட்ட சொந்தக்காரர் இல்லாத ஆளும் ஒருத்தர்கூட இல்லை.